ஞாயிற்றுக்கிழமை செக்கிங்

கேட்டுக்குள் நுழைந்ததும் முதலில் திறக்கப்பட்டது என் பைதான். "கொஞ்சம் பையைத் திறந்து காட்டுறீங்களா மேடம்? தப்பா எடுத்துக்காதீங்க, யாரு வந்தாலும் பாக்கணும். பிள்ளைங்க இருக்கிற இடம்" என்றார் காவலுக்கு இருந்த அம்மா. நானே திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தேன். செல்போன், நகவெட்டி, தலைவலி மாத்திரை அட்டை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அலமாரியில் வைத்துப் பூட்டினார். மிச்சத்தை நானே திரும்ப அடுக்கினேன். என் டைரியை அவர் தொடவில்லை.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் உண்டு. அந்த அம்மா கேட்டார், காரணம் சொன்னார், என் பொருளை என்னையே எடுக்கவிட்டார், எடுத்துக்கொண்டதை எழுதி வைத்தார். அந்த வார இறுதி முழுக்க நான் கவனித்துக்கொண்டிருந்தது, இதெல்லாம் உள்ளே இருக்கும் குழந்தைகளுக்கும் கிடைக்கிறதா என்பதைத்தான்.

தென் மாவட்டம் ஒன்றில், அரசு நிதியுதவியோடு ஓர் அறக்கட்டளை நடத்தும் பெண் குழந்தைகள் இல்லம் அது. ஊர்ப் பெயரையும் இல்லத்தின் பெயரையும் எழுதப் போவதில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, இப்படிப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய பெயர், முகவரி, பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் நான் எழுதியிருக்க மாட்டேன். இங்கே வருபவை அந்தப் பிள்ளைகளின் பெட்டிக்குள் இருந்த பொருள்கள். அவர்கள் சம்மதித்ததை மட்டும், ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.

'அநாதை இல்லம்' என்று ஊரில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் இங்கே இருக்கும் பெண்களில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உண்டு. நிச்சயித்த குழந்தைத் திருமணத்தை நிறுத்திக் கூட்டி வரப்பட்டவள், தாய் மில் விடுதியில் தங்கி வேலை பார்ப்பதால் வளர்க்க ஆளில்லாதவள், தகப்பன் சிறையில் இருப்பவள், தன் வீட்டுக்குள்ளேயே பாலியல் கொடுமைக்கு ஆளாகி வழக்கு நடந்துகொண்டிருப்பவள் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு கதை. காலையில் பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போய் மாலையில் திரும்புகிறார்கள்.

படுக்கைக் கூடம் மாடியில் இருக்கிறது. சுவரோரம் பச்சை பெயிண்ட் அடித்த தகரப் பெட்டிகள், மூடியில் வெள்ளை பெயிண்ட்டில் எண்கள். எதிலும் பூட்டு இல்லை. கொண்டியில் ரிப்பனோ நூலோ கட்டி முடிச்சுப் போட்டிருந்தார்கள். ஒரு முடிச்சு மாதிரி இன்னொன்று இல்லை. ஏன் என்று கேட்டேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒருத்தி சொன்னாள்: "என் முடிச்சு எனக்குத்தான் போடத் தெரியும் அக்கா. வேற யாரு தொறந்தாலும் எனக்குத் தெரிஞ்சிரும்."

அன்று மாலை ஒரு ஜீப் வந்தது. ரயில் நிலையத்தில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை, குழந்தைகள் நலக்குழுவின் உத்தரவோடு கொண்டுவந்து விட்டார்கள். பதினான்கு வயது இருக்கும். ஜவுளிக்கடைத் துணிப்பை ஒன்றை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். டீ வந்தபோது ஒரு கையைத்தான் எடுத்தாள்.

கண்காணிப்பாளர் அவசரப்படவில்லை. அவள் பன்னைத் தின்று முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, "தாயி, இங்க வர்ற எல்லாப் பிள்ளைங்க சாமானையும் நோட்டுல எழுதி வைப்போம். ஒண்ணும் காணாமப் போயிறக் கூடாதுல்ல? நீயே எடுத்துக் குடுக்கிறியா?" என்றார். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு பையை மேசைமேல் வைத்தாள், கைப்பிடியை விடாமல்.

இரண்டு சுடிதார், ஒரு சீப்பு, கண்மை டப்பா, ரேஷன் கார்டின் ஜெராக்ஸ், நூற்றுச் சொச்சம் ரூபாய், சார்ஜ் இல்லாத பட்டன் போன், ஒற்றைக் கொலுசு. வார்டன் எழுதிக்கொண்டே வந்தார். கொலுசு வந்ததும், "வெள்ளை நிற உலோகத்தாலான கொலுசு ஒன்று" என்று வாய்விட்டுச் சொல்லி எழுதினார். போலீஸ் ஸ்டேஷனிலும் நகைக்கு இப்படித்தான் எழுதுவார்கள். உரசிப் பார்க்காமல் வெள்ளி என்று எழுதினால் நாளைக்குப் பிரச்சினை வரும் என்ற முன்ஜாக்கிரதை.

வந்ததிலிருந்து வாயே திறக்காத பெண் அப்போதுதான் பேசினாள். "அது வெள்ளி. எங்க ஆச்சி வாங்கிக் குடுத்தது."

வார்டன் பேனாவோடு நிமிர்ந்து பார்த்தார். கண்காணிப்பாளர் நோட்டை வாங்கி, அந்த வரிக்குப் பக்கத்தில், 'ஆச்சி வாங்கித் தந்த வெள்ளிக் கொலுசு என்று குழந்தை கூறுகிறாள்' என்று தன் கையால் எழுதினார். பிறகு முதல் வரியிலிருந்து முழுவதையும் அவளுக்கு வாசித்துக் காட்டினார். சாட்சியாகச் சமையல்கார அம்மா கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண்ணும் இனிஷியலோடு தன் பெயரை எழுதினாள். அதற்குப் பிறகுதான் கைப்பிடியை விட்டாள்.

உடல் சோதனை பக்கத்து அறையில் நடந்தது. நான் போகவில்லை, போகவும் கூடாது. இரண்டு பெண் பணியாளர்கள் இருந்தார்கள், உடைக்கு மேலாகத் தடவிப் பார்த்ததோடு சரி என்று பிறகு சொன்னார்கள்.

நான் பார்த்தது விதிப்படி நடந்த ஒரு காரியம். ஒன்றிய அரசு 2016-இல் வெளியிட்ட இளைஞர் நீதி மாதிரி விதிகள் இதை அப்படியே சொல்கின்றன: இல்லத்துக்கு வரும் ஒவ்வொரு குழந்தையையும் சோதிக்க வேண்டும், பெண் குழந்தைகளைப் பெண் பணியாளரே, கண்ணியம் குறையாமல் சோதிக்க வேண்டும், பணத்தையும் விலை உயர்ந்த பொருளையும் பொறுப்பாளர் பத்திரப்படுத்த வேண்டும், எல்லாவற்றையும் உடைமைப் பதிவேட்டில் எழுதி, சாட்சி முன்னிலையில் குழந்தைக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வேறு இல்லத்துக்கு மாற்றினால் பொருளும் கூடவே போக வேண்டும். ஆயுதம், மது, கஞ்சா, அபின், புகையிலை போன்றவற்றை யாரும் இல்லத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்ற பட்டியலும் உண்டு.

இந்த விதிகளுக்குப் பக்கத்தில் 1894-ஆம் ஆண்டின் சிறைகள் சட்டத்தை வைத்துப் படித்தால் மனம் கனக்கிறது. அதன் 24-ஆவது பிரிவு, சிறைக்கு வரும் ஒவ்வொரு கைதியையும் சோதித்து, ஆயுதங்களையும் தடை செய்யப்பட்ட பொருள்களையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. பெண் கைதிகளைச் சோதிப்பதற்குப் பெண் அலுவலரைக் குறிக்கிறது. 25-ஆவது பிரிவு, கைதியின் பணமும் பொருளும் ஜெயிலரின் பாதுகாப்பில் இருக்கும் என்கிறது. நூற்றிருபது வருடம் கழித்து, எந்தத் தப்பும் செய்யாமல் பாதுகாப்புத் தேடி வரும் பிள்ளையை வரவேற்கவும் நம்மிடம் இருப்பது அதே எலும்புக்கூடுதான். செங்கல்பட்டில் 1887-இல் சீர்திருத்தப் பள்ளியைத் திறந்த மாகாணம் இது. 1920-இல் நாட்டிலேயே முதலாவதாகக் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றிய மாகாணமும் இதுதான். குழந்தையைச் சிறையிலிருந்து பிரித்துப் பார்க்க நாம் முன்னதாகவே கற்றுக்கொண்டோம். ஆனால் அந்தப் பிரிவினை பெட்டி வரைக்கும் வந்து சேரவில்லை.

ஆனாலும் அந்தப் பழைய எலும்பின்மேல் விதி எழுதியவர்கள் ஒரு நல்ல சதையைச் சேர்த்திருக்கிறார்கள். எழுதியதைக் குழந்தைக்கே வாசித்துக் காட்ட வேண்டும் என்ற அந்த வரி இல்லாவிட்டால், 'எங்க ஆச்சி வாங்கிக் குடுத்தது' என்பது எந்த நோட்டிலும் ஏறியிருக்காது.

மறுநாள் ஞாயிறு. இட்லி முடிந்து தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. எண்ணெய் தேய்த்துக்கொண்டும் சடை பின்னிக்கொண்டும் இருந்தவர்களுக்கு நடுவே, "செக்கிங்!" என்று மாடியிலிருந்து ஒரு குரல். பாதிச் சடையோடு எழுந்து போய் எதிர்ச்சுவர் ஓரமாக நின்றார்கள். யாரும் வரிசையாக நிற்கச் சொல்லவில்லை. கால்களுக்குப் பழகியிருந்தது. பெட்டிகள் ஒரு பக்கம், பெட்டிக்கு உரியவர்கள் இன்னொரு பக்கம். நடுவில் வார்டனும் ஆயாவும்.

முடிச்சுகள் அவிழ்ந்தன. சில அவிழாமல் அறுந்தன. முதல் நாள் பன் தின்று முடிக்கும்வரை பொறுத்திருந்த அதே இல்லம்தான், அதே வார்டன்தான். நேற்று ஒரு பிள்ளைக்கு ஒரு மணி நேரம் கொடுத்தவர்கள், இன்று நாற்பது பெட்டியைச் சோற்றுக்கு உலை வைக்கும் முன் முடிக்க வேண்டும். மடித்த துணி கலைந்து வெளியே வந்தது. எறும்பு மொய்த்த பிஸ்கட் பாக்கெட், பள்ளித் தோழி கொடுத்த ஸ்டிக்கர் அட்டை, ஒரு நடிகரின் படம், உடைந்த வளையல் துண்டுகள் போட்ட மருந்து டப்பா, நாப்கின் பாக்கெட். நாப்கின் பாக்கெட்டைக்கூட விரலால் அமுக்கிப் பார்த்தார் ஆயா. அந்தப் பெட்டிக்குரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு பெட்டியின் அடியில், பாலிதீன் பையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட ஆண் சட்டை இருந்தது. கட்டம் போட்ட பழைய சட்டை. வார்டன் அதைத் தூக்கிப் பிடித்தார்.

"இது யாரு சட்டை?"

பதில் இல்லை.

"உன்னைத்தான் கேக்கிறேன். ஆம்பளைச் சட்டை எதுக்கு உன் பெட்டியில?"

"எங்க அப்பாது மிஸ்."

"துவைச்சு வைக்கலாம்ல? வாடை அடிக்குது."

"துவைச்சா அப்பா வாசம் போயிரும் மிஸ்."

வார்டன் மோசமானவர் இல்லை. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். பேசாமல் திரும்பச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார். எதையும் பிடுங்கவில்லை, திட்டவில்லை, அடிக்கவில்லை. புகார் எழுதினால் எழுத ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெண் தன் அப்பாவின் வாசனையைப் பற்றி அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. செக்கிங் முடிந்து எல்லாரும் போன பிறகு, அவள் பையை ஒருமுறை பிரித்து முகர்ந்துவிட்டு இன்னொரு பையைப் போட்டுச் சுற்றினாள்.

அன்று பறிமுதல் ஆனவை ஒரு பென்சில் ஷார்ப்னர், இரண்டு ஊக்கு, போன் நம்பர் எழுதிய ஒரு சீட்டு, பிஸ்கட். எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஒரு பிளாஸ்டிக் கூடையில் விழுந்தன.

கண்காணிப்பாளரிடம் கேட்டேன். அவர் ஒளிக்காமல் பேசினார்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு கையைக் கிழிச்சுக்கிட்டா மேடம். நல்லவேளை, பொழைச்சுக்கிட்டா. அதுக்கு அப்புறம்தான் வாராவாரம் செக்கிங். நாளைக்கு இன்னொண்ணு நடந்தா, 'பெட்டியைப் பாத்தியா'ன்னுதான் முதல் கேள்வி வரும். 'பாத்தேன், ஞாயித்துக்கிழமை பாத்தேன்'னு சொல்லணும்ல?"

இந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. இல்லத்துக்கு வரும் பிள்ளைகளில் சிலர் தங்களையே காயப்படுத்திக்கொள்ளும் நிலையில் வருகிறார்கள். சிலரிடம் வெளியிலிருந்து யாரோ போன் கொடுத்து, மறுபடி அழைத்துப் போகப் பார்க்கிறார்கள். பாலியல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவனின் ஆட்களே, புகாரைத் திரும்பப் பெறச் சொல்லிச் சீட்டு அனுப்புவதும் நடக்கிறது. சோதனையே கூடாது என்று வெளியிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போவது எளிது. ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கூடத்துக்குப் பொறுப்பு அவர்தான். பணியிடங்கள் காலியாகக் கிடந்தால் இரண்டு ஆள் வேலையும் அவர் தலையில்தான் விழும்.

ஆனால் அங்கே வாரத்தில் சில நாள் வந்துபோகும் ஆற்றுப்படுத்துநர் சொன்னது எனக்கு முக்கியமாகப் பட்டது. காயப்படுத்திக்கொண்ட அந்தப் பெண், அதற்கு முந்தைய நாள்களில் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று வேளையும் தட்டில் பாதியை மிச்சம் வைத்தாள். தோழியோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். "அறிகுறி சாப்பாட்டுக் கூடத்துல இருந்துச்சு. நாம பெட்டியில தேடிக்கிட்டு இருக்கோம்" என்றார்.

பெரிய பெண்களிடம் தனியாக உட்கார்ந்து பேசியபோது இன்னொன்றும் தெரிந்தது. உண்மையிலேயே மறைக்க வேண்டிய பொருளை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். "பெட்டியிலயா அக்கா வைப்பாங்க? ஞாயித்துக்கிழமை செக்கிங்னு எல்லாருக்கும்தான் தெரியுமே." எங்கே என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் துருவவில்லை. ஒரு கட்டடத்தில் இடமா இல்லை?

கிழமை குறித்து நடக்கும் சோதனையில் ஒளித்து வைத்த பொருள் அகப்படாது. ஒளிக்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தோன்றவே தோன்றாத பொருள்தான் அகப்படும். அப்பாவின் சட்டை அகப்படும், வளையல் துண்டு அகப்படும், எழுதிப் பாதியில் விட்ட கடிதம் அகப்படும். போனும் பிளேடும் அகப்படாது. இத்தனைக்கும், சோதித்துவிட்டோம் என்ற நிம்மதி மட்டும் பெரியவர்களுக்கு வந்துவிடுகிறது. அந்த நிம்மதிதான் எனக்கு அச்சத்தைத் தருகிறது.

பையன்கள் இல்லங்களில் நிலைமை வேறு. அப்படி ஓர் இல்லத்தில் சமூகப் பணியாளராக இருக்கும் நண்பரிடம் விசாரித்தேன். அங்கே தினமும் பள்ளி விட்டு வந்ததும் கேட்டிலேயே பையைக் கவிழ்த்துப் பார்க்கிறார்கள். சட்டையைத் தூக்கச் சொல்கிறார்கள், பாக்கெட்டை வெளியே இழுக்கச் சொல்கிறார்கள். கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலம்தான் பெரிய தலைவலி. உதட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டால் வெளியே தெரியாது. அதைத் தேட வேண்டியிருக்கிறது, உண்மைதான். ஆனால் பையன் என்றால் கூச்சம் இருக்காது என்ற நினைப்பில் தெருவைப் பார்த்த கேட்டில் சட்டையைத் தூக்கச் சொல்வது எந்தக் கணக்கிலும் சரியில்லை. அந்த வரிசையில், ஒரு பெரியவனின் கையால் சீரழிக்கப்பட்டு இல்லத்துக்கு வந்த சிறுவனும் நிற்கிறான். 2012-இல் வந்த போக்சோ சட்டம் ஆண், பெண் என்று பார்க்காமல் எல்லாக் குழந்தையையும் காக்கிறது. இன்னொரு பெரியவன் 'சட்டையைத் தூக்கு' என்று சொல்லும்போது அவன் உடம்பு எதை நினைத்துக்கொள்ளும் என்று கேட்டில் நிற்பவர் யோசிக்க வேண்டாமா?

கடிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தைக்கு வரும் கடிதத்துக்குத் தடை இல்லை, குழந்தை எழுதவும் தடை இல்லை என்கின்றன மாதிரி விதிகள். தபால் செலவையும் இல்லமே தர வேண்டும். அதே சமயம் பொறுப்பாளர் கடிதத்தைப் படிக்கலாம், தேவைப்பட்டால் நிறுத்தியும் வைக்கலாம். நிறுத்தினால் காரணத்தை அதற்கென்று உள்ள நோட்டில் எழுத வேண்டும். அதிகாரமும் அதற்கு ஒரு கடிவாளமும் சேர்ந்தே இருக்கின்றன. பெட்டிக்கு அந்தக் கடிவாளம் இல்லை. விதி பேசுவது குழந்தை உள்ளே வரும் நேரத்துச் சோதனையைப் பற்றி. வந்த பிறகு வாராவாரம், மாதாமாதம் நடக்கும் சோதனையை யார், எந்தக் காரணத்துக்காக, யார் முன்னிலையில் செய்யலாம் என்று அது வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குள்தான் ஞாயிற்றுக்கிழமை செக்கிங் நடக்கிறது.

மற்றபடி வழிகாட்ட ஆவணங்களுக்குக் குறைவில்லை. குழந்தையின் அந்தரங்கத்தில் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்னும் 16-ஆவது பிரிவைக் கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் இணைந்தது. சுதந்திரம் பறிக்கப்பட்ட, அதாவது அடைத்து வைக்கப்பட்ட சிறார்களுக்காக ஐ.நா. 1990-இல் ஏற்ற விதிகள்கூட, சொந்தப் பொருள் வைத்துக்கொள்வது அந்தரங்க உரிமையின் அடிப்படை, பிள்ளையின் மனநலத்துக்கு அவசியம் என்கின்றன. பெற்றோரைப் பிரிந்து பராமரிப்பில் வளரும் குழந்தைகளுக்காக 2009-இல் ஏற்கப்பட்ட வழிகாட்டு நெறிகள், பொருள்களை வைக்கப் பத்திரமான, குழந்தை தானே எடுத்துக்கொள்ளக்கூடிய இடம் வேண்டும் என்கின்றன. நம் இளைஞர் நீதிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவே கண்ணியம், பங்கேற்பு, அந்தரங்கம் மூன்றையும் கொள்கைகளாக வைத்திருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவருக்கு அது இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை.

ஞாயிறு மதியம் குழந்தைகள் குழுக் கூட்டம் இருந்தது. 6 முதல் 10, 11 முதல் 15, 16 முதல் 18 என்று வயதுவாரியாகக் குழுக்கள் அமைத்து மாதம் ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் சாப்பாட்டு மெனுவும் டிவி நேரமும்தான் பேச்சு என்றார்கள். அன்று பெரிய பெண்களின் குழுவில் கண்காணிப்பாளரே செக்கிங் பேச்சை எடுத்தார். நான் இருந்ததால் எடுத்தாரா, காலையில் நடந்தது உறுத்தியதா என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் எடுத்தது நல்லது.

அந்தப் பெண்கள் 'செக்கிங் வேண்டாம்' என்று சொல்லவில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒருத்தி சொன்னாள்: "சின்னப் பிள்ளைங்க எதையாச்சும் எடுத்து முழுங்கிருவாங்க மிஸ், அதனால பாக்கத்தான் வேணும். ஆனா என் பெட்டியை நான் தொறக்கிறேன். நான் எடுத்துக் காட்டுறேன். நீங்க பாருங்க."

இன்னொருத்தி: "எல்லாரு முன்னாடியும் வேணாம் மிஸ். ஒவ்வொருத்தரா கூப்பிட்டுப் பாருங்க."

மூன்றாவது பெண் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: "சந்தேகம்னா யாரு மேல சந்தேகமோ அவங்க பெட்டியைப் பாருங்க. ஏன் சந்தேகம்னு அவங்ககிட்ட சொல்லிட்டுப் பாருங்க. ஒண்ணும் இல்லைன்னா, இல்லைன்னு சொல்லிட்டுப் போங்க மிஸ். நீங்க ஒண்ணுமே சொல்லாம அடுத்த பெட்டிக்குப் போயிருவீங்க."

'இல்லைன்னு சொல்லிட்டுப் போங்க' என்ற அந்த வாக்கியம் எந்த மாதிரி விதியிலும் இல்லை. இருக்க வேண்டிய வாக்கியம். சோதித்து ஒன்றும் அகப்படாதபோது, சந்தேகப்பட்டதற்கு ஒரு வார்த்தை சொல்லும் கடன் சோதித்தவருக்கு இருக்கிறது.

கண்காணிப்பாளர் பாதிக்கு ஒத்துக்கொண்டார். இனி அவரவர் பெட்டியை அவரவரே திறக்கட்டும் என்றார். எடுத்துக்கொண்ட பொருளை எழுதி வைக்கவும் சம்மதித்தார். தனித்தனியாகக் கூப்பிடுவதற்கு ஆள் இல்லை, யோசிக்கிறேன் என்றார். பூட்டைப் பற்றி மட்டும் உடன்படவில்லை. "அவசரத்துக்குத் தொறக்க முடியாம போயிட்டா?" என்று கேட்டார். மாற்றுச் சாவி ஆபீசில் இருக்கட்டும், அதை எடுக்கும்போது நாள், நேரம், காரணம் எழுதிவிட்டு எடுக்கலாமே என்றார் ஆற்றுப்படுத்துநர். அதற்கு அவர் மறுப்பும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

இது ஒரு நல்ல இல்லத்தின் கதை. அதனால்தான் எழுதுகிறேன். கொடுமை நடந்த இல்லங்களைப் பற்றிச் செய்தி வருகிறது. 2022 டிசம்பர் கடைசி நாளில் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் ஒரு சிறுவன் இறந்த பிறகு பணியாளர்கள் கைதானார்கள், இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. அடி விழுந்தால் நமக்குத் தெரிகிறது, தெரிய வேண்டும். ஆனால் நல்ல மனிதர்கள், நல்ல காரணத்துக்காக, வாராவாரம் செய்யும் காரியத்தால் ஒரு பிள்ளைக்குத் தன்னுடையது என்று எதுவும் இல்லாமல் போவது எந்த அறிக்கையிலும் ஏறாது.

மாநில அரசு ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும். பெட்டியைத் திறக்கும் முன் குழந்தைக்குக் காரணம் சொல்ல வேண்டும், குழந்தை அருகில் இருக்க வேண்டும், எடுத்ததைப் பதிவேட்டில் எழுதி வாசித்துக் காட்ட வேண்டும், காரணம் இல்லாமல் கிழமை வைத்துச் சோதிக்கக் கூடாது என்று நான்கு வரி. குழந்தை வரும் நாளில் செய்வதை மற்ற நாளிலும் செய்யச் சொல்வதுதான் இது. புதிதாகப் பணம் எதுவும் தேவையில்லை. ஆய்வுக்குப் போகும் குழுக்கள் அரிசி மூட்டையையும் கழிப்பறையையும் பார்ப்பதோடு, கடைசியாக எப்போது சோதனை நடந்தது, ஏன் நடந்தது, எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

நம்மில் பலர் பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் இல்லங்களில் ஒருவேளைச் சாப்பாடு போடுகிறோம். கேக் வெட்டுகிறோம், பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துத் துணி கொடுக்கிறோம். அடுத்த முறை போகும்போது கண்காணிப்பாளரிடம் ஒன்று கேளுங்கள்: பிள்ளைகளின் பெட்டிகளுக்குப் பூட்டு இருக்கிறதா? இல்லை என்றால், அவர் சம்மதத்தோடு ஆளுக்கு ஒரு பூட்டு வாங்கிக் கொடுங்கள். ஒரு சாவி பிள்ளையிடம் இருக்கட்டும், இன்னொன்று ஆபீசில் இருக்கட்டும், ஆபீஸ் சாவியோடு ஒரு நோட்டும் இருக்கட்டும்.